படம் காட்டுவதும் கருத்துச் சொல்வதும்: போட்டோ குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ஞாயிறு காலையில் கேமராவோடு கிளம்புவோம், அடுத்த ஞாயிறு மாலை ஒருவர் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்துப் பேசுவோம். கடலூரிலிருந்து மூன்று பேர் பஸ் பிடித்து வருகிறார்கள். பாதிப் பேர் கையில் இருப்பது செல்போன்தான். புதிதாகச் சேருகிறவர்கள் படம் எடுப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். "சூப்பர்ண்ணே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஏழெட்டுக் குறைகளை மளமளவென்று அடுக்கி எதிரே இருப்பவர் முகம் சுருங்கும்வரை விடமாட்டார்கள். இரண்டிலும் படம் எடுத்தவர் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கீழே சொல்லியிருக்கும் வரிசை, பல மாலைகள் மாற்றி மாற்றிச் செய்துபார்த்து வந்துசேர்ந்தது. இதில் வரிசைதான் உயிர். கண்ணில் பட்டதைச் சொல்வதற்கு முன்பே யாராவது தீர்ப்புச் சொல்லிவிட்டால் மிச்சப் பேச்செல்லாம் அந்தத் தீர்ப்பைச் சுற்றியே ஓடும், படத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

1. கூடுவதற்கு முன் தயாராக வேண்டியவை

ஒரு டிவி, ஒரு பென்டிரைவ், ஒரு கோடு போட்ட நோட்டு, நேரம் பார்க்க ஒரு ஆள். இவ்வளவு இருந்தால் ஆரம்பிக்கலாம். புரொஜெக்டர் வேண்டாம், மாலை வெளிச்சம் உள்ளே வரும் அறையில் அது நிழல் பகுதிகளை வெளுப்பாகக் காட்டும்.

இன்னொரு சின்னப் பொருள்: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து எல் வடிவத்தில் வெட்டிய இரண்டு துண்டுகள், ஒவ்வொரு கையும் ஒரு அடி நீளம். எதற்கு என்பது ஒன்பதாவது படியில் வரும்.

ஒரு மாலைக்கு எட்டுப் படங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் என்றால் எட்டுக்கு எண்பது நிமிடம், நடுவில் ஒரு டீ. அதைத் தாண்டினால் கண் சோர்ந்துவிடும், கடைசியாகக் காட்டுகிறவருக்கு அநியாயம் நடக்கும். பன்னிரண்டு பேர் வந்தால் நாலு பேர் அடுத்த முறை காட்டட்டும், யார் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அங்கே வந்து முடிவு செய்யலாம் என்று விட்டால் கூச்சப்படுகிறவர்களின் முறை வரவே வராது.

2. ஒரே ஒரு படம்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் நானூறு படம் எடுத்துவிட்டு, அதில் இருபத்தைந்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்து "எது நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லுங்கண்ணே" என்பார்கள். தேர்ந்தெடுப்பது படம் எடுக்கும் வேலையின் இரண்டாம் பாதி. அதை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டால் நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

எடுத்த அன்றைக்கே தேர்ந்தெடுக்க வேண்டாம், இரண்டு நாளாவது ஆறப்போடுங்கள். காரணம் எளிது. பிச்சாவரத்துக்கு விடிகாலை நாலு மணிக்கே கிளம்பி, படகில் கால் மரத்துப்போக உட்கார்ந்து எடுத்த படத்தின்மேல் நமக்கு ஒரு பாசம் வந்துவிடும். அந்தச் சிரமம் படத்துக்குள் இருக்காது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சிரமம் மறந்து படம் மட்டும் தெரியும்.

முதல் சுற்றில் வேண்டாதவற்றை மட்டும் தள்ளுங்கள்: கண் மூடியது, ஃபோகஸ் போனது, ஒரே காட்சியின் ஐந்து பிரதிகளில் நாலு. இரண்டாம் சுற்றில் படங்களைத் திரையில் பெருவிரல் நகம் அளவுக்குச் சின்னதாக்கி ஒரு ஓட்டம் பாருங்கள். சின்னதாக இருக்கும்போதே எது கண்ணை நிறுத்துகிறதோ அதில் வெளிச்சமும் இருட்டும் சரியாகப் பிரிந்திருக்கிறது என்று பொருள். மூன்றாம் சுற்றில் மிஞ்சியதில் ஒன்றை எடுங்கள். இரண்டுக்கு நடுவில் மனம் ஊசலாடினால், உங்களுக்குப் புரியாத குறை எதில் இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். குறையே இல்லை என்று நினைக்கும் படத்தைக் கொண்டுவந்தால் பாராட்டு கிடைக்கலாம், வேறொன்றும் கிடைக்காது.

3. படத்தோடு ஒரு கேள்வி எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைக் கொடுக்கும்போதே அதைப் பற்றி உங்களுக்கு இருக்கும் ஒரு கேள்வியை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்பது கேள்வி ஆகாது, அதற்கு "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி எடுத்த படத்தை இந்தக் கட்டுரை முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஏலக்கூடத்தின் ஓரத்தில் ஒரு அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குவித்துக் கொட்டிய மீனை வகை பிரித்து அன்னக்கூடையில் எறிகிறார். வலது கை கூடைக்கு மேல், விரல் நுனியை விட்டு ஒரு மீன் அப்போதுதான் கிளம்பியிருக்கிறது. மீனின் செதிலில்கூட வெளிச்சம் பளபளக்கிறது, அவ்வளவு துல்லியம். அந்தத் தம்பி எழுதிய கேள்வி: "அம்மாவின் கை எவ்வளவு வேகம் என்பது தெரிகிறதா?"

கேள்வி இல்லாமல் அந்தப் படம் திரையில் வந்திருந்தால் "என்ன ஷார்ப்பா இருக்கு தம்பி" என்று எல்லோரும் கை தட்டியிருப்போம். கேள்வி இருந்ததால் பேச்சு வேறு வழியில் போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேள்வியோடு நாலு விவரங்களும் வேண்டும்: ஷட்டர் வேகம் (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது), அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு, எஃப் எண் கூடினால் துளை சின்னது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்), லென்ஸின் குவியத் தூரம் (எம்எம் கணக்கில் சொல்வது, கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). போனில் எடுத்தால் கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்தாலே வரும். எடுத்த நேரத்தையும் சேருங்கள். இந்த எண்களைப் பெருமைக்காகக் கேட்பதில்லை. ஒரு படம் ஏன் தெளிவில்லாமல் இருக்கிறது என்று ஊகிப்பதற்குப் பதிலாக உறுதியாகச் சொல்ல இவை வேண்டும்.

4. கோப்பை முழுசாக அனுப்புங்கள்

ஊசுட்டேரியில் எடுத்த மீன்கொத்திப் படம் ஒன்றைப் பற்றி நாங்கள் இருபது நிமிடம் பேசினோம். ஃபோகஸ் போய்விட்டது, கை நடுங்கிவிட்டது, லென்ஸ் சரியில்லை என்று ஆளுக்கு ஒன்று. எடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். டீ குடிக்கும்போது அவருடைய கேமராவிலேயே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இறகின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. போனில் சாதாரணப் படமாக அனுப்பியதில் சுருங்கிப்போன பிரதியை வைத்துக்கொண்டு அவரைப் போட்டு வாட்டியிருக்கிறோம். அன்றிலிருந்து இந்தப் படியில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கேலரி வழியாகப் போகாமல் டாக்குமென்ட் என்பதைத் தொட்டு அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், ஷட்டர், ஐஎஸ்ஓ விவரங்களும் கூடவே வரும். படமாக அனுப்பினால் அளவு குறையும், அந்த விவரங்களும் போய்விடும்.

எடிட் செய்து சேமிக்கும்போது ஜேபெக் கோப்பாக, எஸ்ஆர்ஜிபி வண்ணத்தில் (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான வண்ண அமைப்பு), தரம் 90க்குக் குறையாமல் வையுங்கள். அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபி வண்ண அமைப்பில் விட்டுவிட்டால் பல டிவிகளில் நிறம் சப்பென்று சாயம் போனதுபோலத் தெரியும். நீளப் பக்கம் 3840 பிக்சல் இருந்தால் 4கே டிவிக்குச் சரியாகப் பொருந்தும். 12 மெகாபிக்சல் போன் படம் 4000க்கு 3000 இருக்கும், அதைக் குறைக்கவே வேண்டாம்.

ஐபோன்காரர்கள் கவனிக்க: உங்கள் படம் எச்இஐசி கோப்பாக இருக்கலாம், பல டிவிகள் அதைத் திறக்காது. முதல் நாள் ராத்திரியே ஜேபெக் ஆக்கிவிடுங்கள்.

கோப்பின் பெயரில் உங்கள் பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். யாருடைய படம் என்று தெரிந்தால் அனுபவசாலியின் படத்துக்கு ஒரு நாக்கும் புதியவர் படத்துக்கு ஒரு நாக்கும் வந்துவிடும்.

5. திரையைச் சரிசெய்யுங்கள்

டிவியின் பட அமைப்பில் விவிட் என்று இருந்தால் சினிமா அல்லது ஸ்டாண்டர்டுக்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸைச் சுழியத்துக்கோ அதற்குப் பக்கத்திலோ கொண்டுவாருங்கள். விவிட் என்பது கடை ஷோரூமில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த அமைப்பு. அதில் புதுச்சேரி ஒயிட் டவுன் பகுதியின் மஞ்சள் சுவர் ஆரஞ்சாகத் தெரியும், படம் எடுத்தவர் செய்யாத தவறுக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

சில டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிக் காட்டும். ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று ஏதோ ஒரு பெயரில் அதற்கு ஒரு மாற்று இருக்கும், அதைப் போடுங்கள். ஓரம்தான் பாதிப் படங்களில் பிரச்சினையே, அது தெரியாமல் பேசிப் பயனில்லை.

வீட்டில் எடிட் செய்யும்போது போனின் கண் பாதுகாப்பு மஞ்சள் வடிகட்டியை அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தைப் பாதி அளவுக்கு இறக்குங்கள். திரை முழு வெளிச்சத்தில் இருந்தால் படம் ஏற்கெனவே பளிச்சென்று இருப்பதாக நம்பி இருட்டாக்கிவிடுவோம். அப்புறம் பிரிண்ட் போட்டு வாங்கும்போது எல்லாம் கறுத்துப்போய் வரும், கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

6. ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது

படம் திரைக்கு வந்ததும் ஒரு முழு நிமிடம் மௌனம். கடிகாரம் பார்த்து. எடுத்தவரும் பேசக் கூடாது, குறிப்பாக அவர்தான் பேசக் கூடாது.

புதியவர்களால் இதைத் தாங்கவே முடியாது. "இது எங்கண்ணா, தேவனாம்பட்டினத்துல, அன்னிக்கு மழை வர மாதிரி இருந்துச்சு, இந்தப் பெரியவர் வந்து..." என்று தொடங்கிவிடுவார்கள். கதையைக் கேட்டபிறகு யாரும் படத்தைப் பார்ப்பதில்லை, காதில் விழுந்த கதையைப் படத்தில் தேடுகிறார்கள். மழை வரும்போல இருந்தது என்பது படத்திலேயே தெரிகிறதா இல்லையா என்பதுதான் நாம் அறிய வேண்டியது. சொல்லிவிட்டால் அதை அறிய வழியே இல்லாமல் போகும்.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன செய்வது? கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது, எங்கே போய் நின்றது என்று கவனியுங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், விவரங்கள் மறைந்து வெளிச்சத் திட்டுகள் மட்டும் தெரியும். நாலு ஓரத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கடல் தெரியும் படமாக இருந்தால் அடிவானம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்க்காரர்களான நமக்கு இது பழகிப்போய்க் கண்ணில் படாது, வெளியூர்க்காரருக்கு முதலில் அதுதான் உறுத்தும்.

பிரிண்ட்டாக இருந்தால் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். முகம் முகமாகத் தெரியாமல் வெறும் வடிவமாகத் தெரியும்போது எந்த மூலை கனக்கிறது என்பது உடனே புலப்படும்.

7. பார்த்ததைச் சொல்லுங்கள், புதியவரிலிருந்து ஆரம்பித்து

பேசத் தொடங்க வேண்டியவர் குழுவில் ஆகப் புதியவர். ஆக மூத்தவர் கடைசி. இதற்குக் காரணம் ஒன்றுதான்: மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் "அண்ணன் சொன்ன மாதிரி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் இப்போது கடைசியில் பேசுகிறேன். பல நாள் எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை, எல்லாவற்றையும் மற்றவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தச் சுற்றில் நல்லது, கெட்டது, அழகு, குறை ஆகிய சொற்களுக்கு இடமில்லை. கண்ணில் பட்டது மட்டும். "முதல்ல என் கண்ணு அம்மாவோட கையில நின்னுச்சு. அப்புறம் வலது ஓரத்துல இருக்கற நீல டிரம்முக்குப் போச்சு. அங்கேயே நின்னுடுச்சு, திரும்பி முகத்துக்கு வரல." தேங்காய்த்திட்டுப் படத்தைப் பார்த்து, குழுவில் சேர்ந்து இரண்டே வாரமான ஒரு அக்கா சொன்னது இது. அவருக்கு ஷட்டர் வேகம் என்றால் என்ன என்றே அப்போது தெரியாது. ஆனால் அன்றைக்கு எல்லோரிலும் உருப்படியான கருத்து அவருடையதுதான்.

நாலு பேர் அடுத்தடுத்து அதே நீல டிரம்மைச் சொன்னபோது எடுத்தவருக்கு யாரும் அதைக் குறை என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே தலையாட்டினார். பார்த்ததைச் சொல்வதில் சண்டைக்கு இடமில்லை. என் கண் அங்கே போனது என்றால் போனதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. "கம்போசிஷன் சரியில்ல" என்று அதே விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவர் தன் படத்துக்கு வக்கீலாக நின்று வாதாடத் தொடங்கியிருப்பார்.

"எனக்கு ஒண்ணும் தோணல" என்பவரை விட்டுவிடாதீர்கள். "கண் எங்கே போச்சு?" என்று மட்டும் கேளுங்கள், யாராலும் பதில் சொல்ல முடியும்.

8. கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், குறை எங்கே பிறந்தது என்று பிரியுங்கள்

இப்போதுதான் எடுத்தவர் எழுதிய கேள்வியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இனி வரும் கருத்துகள் அந்தக் கேள்விக்கான பதிலாகத்தான் இருக்க வேண்டும்.

கை வேகம் தெரிகிறதா? தெரியவில்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கை கல்லில் செதுக்கியதுபோல நிற்கிறது, மீன் காற்றில் தொங்குகிறது. விவரத் தாளைப் பார்த்தோம்: 1/500 நொடி, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600. 1/500 வேகத்தில் கையை உறையவைத்துவிட்டு வேகத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? படத்தின் துல்லியத்தைத்தான் நாங்கள் பாராட்ட இருந்தோம். அவர் கேட்டதற்கு அந்தத் துல்லியமே தடையாக இருந்தது.

ஒவ்வொரு குறையும் மூன்று இடங்களில் ஏதோ ஒன்றில் பிறந்திருக்கும். அது எது என்று சொல்லாத கருத்து எடுத்தவருக்குப் பயன்படாது.

முதலாவது, நின்ற இடமும் நேரமும். நீல டிரம் இந்த வகை. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் டிரம் மறைந்திருக்கும். வெளிச்சத்தின் திசையும் இதில் சேரும். நம் பக்கம் சூரியன் கடலிலிருந்து கிளம்புவதால் காலையில் கரையிலிருந்து கடலைப் பார்த்து எடுத்தால் முகம் எல்லாம் இருட்டிவிடும். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே எடுக்கும் விடியற்காலைப் படங்களில் பாதிக்கு இதுதான் கதை. ஒன்று, நிழலுருவமாகவே எடுப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூரியன் பக்கவாட்டில் விழும்படி நகர வேண்டும். நகரத்தின் உள்ளே தெற்கு வடக்காக ஓடும் டூமாஸ் வீதியில் காலையில் ஒரு பக்கச் சுவர்தான் வெயிலில் இருக்கும், நேரு வீதிபோல கடலை நோக்கி ஓடும் தெருவில் வெயில் தெருநீளத்துக்கும் பாயும். இதைத் தெரிந்து பேசினால் "ஏழு மணிக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்க" என்று எடுத்தவருக்கு உடனே கையாளக்கூடிய பதிலாகக் கொடுக்கலாம்.

இரண்டாவது, கேமராவுக்குள். இதில் தெளிவின்மைதான் அதிகம் குழப்பும், எல்லாவற்றையும் ஃபோகஸ் போச்சு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். பிரித்துப் பாருங்கள். படம் முழுக்க, அசையாத சுவர்கூட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. சுவர் தெளிவாக இருந்து ஓடும் பையன் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. நடக்கிறவரை நிறுத்த 1/250, பறக்கிற பறவைக்கு 1/1000க்கு மேல் என்பது தொடக்கத்துக்குச் சரியான கணக்கு. ஆள் மங்கி அவருக்குப் பின்னால் இருக்கும் கதவு தெளிவாக இருந்தால்தான் அது ஃபோகஸ் பிசகு. எல்லாமே கட்டம் கட்டமாக, மெழுகு பூசியதுபோல இருந்தால் கோப்பு சுருங்கியிருக்கிறது, நாலாவது படிக்குத் திரும்புங்கள்.

கை அசைவுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: ஷட்டர் வேகம் குறைந்தது, குவியத் தூரம் எவ்வளவோ அதன் கீழ் ஒன்று. 300 எம்எம் லென்ஸ் என்றால் 1/300. பெரும்பாலான தொடக்கநிலை கேமராக்களில் சென்சார் (வெளிச்சத்தைப் பதியும் சில்லு) சின்னது, 1.5ஆல் பெருக்கினால் 1/450, அதாவது 1/500 வைக்க வேண்டும். லென்ஸிலோ கேமராவிலோ நடுக்கம் தாங்கும் வசதி இருந்தால் இதைவிடக் குறைத்தும் எடுக்கலாம், ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் தாங்கும், எதிரே ஓடுகிறவரை நிறுத்தாது.

நிறத்தையும் இங்கேயே பேசிவிடுங்கள். மஞ்சள் சுவர் ஃப்ரேமை நிறைத்தால் கேமராவின் தானியங்கி வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மஞ்சள் அதிகம் என்று நினைத்து நீலத்தைக் கலக்கும், சுவர் செத்துப்போன நிறத்தில் வரும். வெயில் என்ற அமைப்பில் நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது, எடிட்டிங். இதைக் கடைசியில் வையுங்கள். புதியவர்கள் எல்லாக் குறைக்கும் "ஸ்னாப்சீட்ல சரி பண்ணிடலாம்" என்பார்கள், அது போனில் படம் எடிட் செய்யும் ஆப். அந்த டிரம்மை எடிட்டிங்கில் அழித்துவிட முடியும்தான். அழித்தால் அடுத்த தடவையும் அதே இடத்தில் நின்று அதே தவறைச் செய்வார்.

9. ஒரே ஒரு மாற்றம், அதையும் அங்கேயே செய்து காட்டுங்கள்

ஒருவர் ஒரு மாற்றம்தான் சொல்லலாம். ஏழு சொன்னால் கேட்கிறவர் எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார், மனம் உடைந்ததை மட்டும் கொண்டுபோவார். எல்லோரும் சொன்னதில் எது பெரியது என்பதை மூத்தவர் கடைசியில் ஒரு வரியில் சொல்லட்டும்.

க்ராப், அதாவது படத்தின் ஓரத்தை வெட்டுவது பற்றிய கருத்தா? வாயால் விவாதிக்காதீர்கள். அந்த எல் அட்டை இரண்டையும் எடுத்து ஒன்றுக்கொன்று எதிராக வைத்தால் ஒரு சட்டம் கிடைக்கும். பிரிண்ட்டின் மேலோ டிவியின் மேலோ வைத்து மெல்ல நகர்த்துங்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒருவர் எடுத்த படத்தில் பழைய கடிகாரங்கள் பரப்பிய சாக்கும் அதற்குப் பின்னால் பத்துப் பேரின் கால்களும் இருந்தன. கால்களை வெட்டிவிடலாமா என்று கால் மணி நேரம் பேசியிருப்போம். அட்டையை வைத்து மறைத்த உடனே கடிகாரங்கள் வெறும் சரக்காகிவிட்டன. கால்கள் இருந்ததால்தான் அது சந்தை. அரை நிமிடத்தில் விஷயம் முடிந்தது.

வெளிச்சம், நிறம் பற்றிய கருத்தென்றால் போனில் ஒரு பிரதி எடுத்து அங்கேயே மாற்றிக் காட்டுங்கள். வரிசை: முதலில் சாய்வு, அடுத்து க்ராப், அடுத்து மொத்த வெளிச்சம், அப்புறம்தான் நிறம். வெட்டிப்போடப் போகும் வானத்துக்கு நிறம் சரிசெய்து நேரத்தை வீணாக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை.

மதிப்பெண் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பத்துக்கு ஆறு என்று ஒருவர் சொல்லிவிட்டால் எடுத்தவர் அந்த நாலைப் பற்றித்தான் யோசிப்பார், நீல டிரம்மைப் பற்றி யோசிக்கமாட்டார்.

10. இப்போது எடுத்தவர் பேசலாம்

இதுவரை எழுதிக்கொண்டு மட்டும் இருந்தவர் இரண்டு நிமிடம் பேசட்டும். எங்கே, எப்போது, எதற்காக எடுத்தார் என்ற கதை இங்கே வரட்டும். விளக்கம் கேட்கலாம், மறுத்துப் பேச வேண்டியதில்லை. சொன்னதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

"அங்க நகர இடமே இல்லண்ணா" என்று சில நேரம் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கும். அப்போது "உட்கார்ந்து எடுத்திருந்தா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நகர முடியாத இடத்திலும் உயரத்தை மாற்ற முடியும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

11. சில படங்களைக் காட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும்

கடலில் தீர்த்தமாடும் பெண்கள், தர்ப்பணம் கொடுக்கும் குடும்பம், யாருடைய குழந்தை என்றே தெரியாத முகம். இவற்றை எடுக்கும்போது கேட்கவில்லை என்றால் காட்டவும் வேண்டாம். கேட்டு எடுத்திருந்தால் அதை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள், அதுவும் எங்கள் குழுவில் விவரத் தாளில் ஒரு கட்டம்.

பறவைக் கூடு என்றால் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள். டாக்குமென்ட்டாக அனுப்பும்போது அதுவும் கூடவே போகும் என்பதை மறக்கக் கூடாது. இடம் தெரிந்தால் அடுத்த வாரமே கூட்டம் போய்க் கூட்டைக் கலைத்துவிடும்.

கருத்துக்காக வந்த படத்தை வெளியே யாருக்கும் அனுப்பக் கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி சாதாரணமாகப் படத்தை எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். சட்டம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்தவரிடம் கேட்காமல் அவர் படத்தை நாம் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? கூட்டம் முடிந்ததும் பென்டிரைவில் இருக்கும் படங்களை அங்கேயே அழித்துவிடுங்கள்.

12. மறுபடியும் அதே இடத்துக்குப் போங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலான குழுக்கள் செய்வதில்லை, அதனால் மற்ற பதினொன்றும் வீணாகப் போகின்றன. நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: கேள்வி என்ன, சொன்ன மாற்றம் என்ன, மறுபடி எடுத்தது எப்போது. மூன்றாவது கட்டம் ஒரு மாதம் காலியாக இருந்தால் அந்த நபரைத் தனியாகக் கூப்பிட்டு, கூட ஒருவரை அனுப்பிவையுங்கள். பெரும்பாலும் சோம்பல் காரணமாக இருக்காது, தனியாகப் போகக் கூச்சம்.

தேங்காய்த்திட்டுத் தம்பி மூன்று வாரம் கழித்து அதே நேரத்துக்கு, அதே ஏலக்கூடத்துக்குப் போனார். முதல் படத்தின் பிரிண்ட் ஒன்றைக் கையில் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மறுபடி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். இந்தத் தடவை 1/30 நொடி, எஃப் 4, ஐஎஸ்ஓ 200. வெளிச்சம் அதேதான், ஷட்டரை நாலு படி மெதுவாக்கி, ஐஎஸ்ஓவை மூன்று படியும் அபெர்ச்சரை ஒரு படியும் குறைத்திருக்கிறார் (இங்கே ஒரு படி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது). 50 எம்எம் லென்ஸுக்கு 1/30 கையில் நிற்காது என்பதால் அடுக்கிவைத்த மீன் பெட்டிகளின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். இடப்பக்கம் நகர்ந்து டிரம்மை மறைத்தார். நாற்பது படம் எடுத்ததில் முகம் அசையாமல் கை மட்டும் ஓடியது மூன்றே மூன்று.

அந்த மூன்றில் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய படத்தையும் புதியதையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். புதியதில் கை ஒரு வெள்ளைக் கீற்று, மீன் எங்கே என்றே தெரியவில்லை, கூடை விளிம்பில் மட்டும் தண்ணீர் தெறிக்கிறது. கூடவே புதிதாக ஒரு கேள்வியும் எழுதிக் கொடுத்திருந்தார்: "கை இப்போது ஓடுகிறது. ஆனால் அம்மாவின் முகத்தில் யாருடைய கண்ணாவது வந்து நிற்கிறதா?"

ஒரு நிமிடம் வைத்துவிட்டு, மறுபடியும் அந்த அக்காவிடமிருந்து ஆரம்பித்தோம்.